கூடத்தில் ஒலித்த மணி

திருத்தணி மலையடிவாரத்தில் எனக்கு ஒரு பெரியம்மா இருக்கிறாள். வயது 73. பெரியப்பா காலமான பிறகு தனியாகத்தான் வாசம். ஒரே பெண் அமெரிக்காவில், நியூஜெர்ஸியில். ஒரே பிள்ளை பெங்களூரில். "எங்களோடு வந்து இரேன், அம்மா" என்று இருவரும் வருஷத்துக்கு இரண்டு முறை கூப்பிடுவார்கள். "தணிகாசலத்தான் வாசலை விட்டு நான் எங்கே வருவேன்?" என்று பெரியம்மாவும் வருஷத்துக்கு இரண்டு முறை பதில் சொல்வாள். இந்தச் சம்பிரதாயம் பதினோரு வருஷமாகத் தவறாமல் நடந்து வருகிறது.

சென்ற மாதம் ஒரு நாள் காலை, பின்கட்டில் துணி துவைக்கும் கல்லருகே பெரியம்மா வழுக்கி விழுந்துவிட்டாள். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. ஆனால் கணுக்கால் பிசகி, எழுந்திருக்க முடியாமல் அப்படியே கிடந்தாள். மணி ஏழரை இருக்கும். நியூஜெர்ஸியில் இராச் சாப்பாடு முடிந்து பெண் டெலிபோன் செய்கிற நேரம் அது. கூடத்தில் மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. இப்படி நாலு தடவை.

"மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன், கண்ணு. கால் வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் பெண் கூப்பிடுகிறாள், என்னால் எடுக்க முடியவில்லையே என்றுதான் தாங்கவில்லை" என்றாள் பிற்பாடு என்னிடம்.

முக்கால் மணி நேரம் கழித்து, அதே வீட்டின் பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கும் அம்மாள் துணி உலர்த்த வந்தபோதுதான் பார்த்தார். அவர் தெலுங்குக்காரர். நகரிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'அக்கா'. அந்த அக்காதான் பெரியம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, வைத்தியரிடம் அழைத்துப் போய், அதற்குப் பிறகு நியூஜெர்ஸிக்கும் பெங்களூருக்கும் சேதி சொன்னார்.

உடனே எங்கள் குடும்பத்தின் வாட்ஸ்அப் சபை கூடிற்று. பதினாறு பேர், பதினாறு அபிப்பிராயம். கையில் கட்டிக்கொள்ளும் கடிகாரம் வாங்கலாம் என்றார் ஒருவர். வீடெங்கும் காமிரா வைக்கலாம் என்றார் இன்னொருவர். கடைசியில், வீடு முழுவதும் கையோடு எடுத்துப் போகக்கூடிய கார்ட்லெஸ் போன் வாங்குவது என்றும், அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது என்றும் தீர்மானம் நிறைவேறியது. பத்திரிகையில் வேலை செய்கிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு மூட நம்பிக்கை உண்டு!

"பெரியம்மாவிடம்தான் செல்போன் இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. பிள்ளை வாங்கிக் கொடுத்தது. பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், மிகவும் மரியாதையாக வைக்கப்பட்டிருக்கிறது. "ஈரக் கையால் தொட்டால் நான் சொல்வதை அது கேட்பதில்லை, காய்ந்த கையால் தொட்டால் நான் சொல்லாததையும் செய்கிறது" என்பது பெரியம்மாவின் புகார். நாள் முழுவதும் அடுக்களையிலும் பின்கட்டிலும் கை ஈரமாகவே இருக்கிற நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் புகார் புதிது?

சனிக்கிழமை காலை சென்ட்ரலில் ரயிலேறினேன். அரக்கோணம் தாண்டினால் திருத்தணி. ஸ்டேஷனில் இறங்கியதுமே காதில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. ஊரின் சரித்திரம் அப்படி. ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவில் இருந்த இந்த ஊர், ம.பொ.சிவஞானம் போன்றவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் சிபாரிசின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. கோடு வரைபடத்தில் மாறியது. அடுப்பங்கரைப் பேச்சில் மாறவில்லை. பெரியம்மா அக்காவிடம் தமிழில் கேட்பாள். அக்கா தெலுங்கில் பதில் சொல்வார். இருவருக்கும் மற்றவர் பேசுவது வேறு பாஷை என்ற நினைவே கிடையாது.

வீட்டுக்குப் போய்க் கூடத்து டெலிபோனைப் பார்த்தேன். அதன் வயர் சுவருக்குள் போகவில்லை. பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கும் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் போயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன்பு பழைய செப்புக் கம்பியை எடுத்துவிட்டு, ஃபைபர் என்கிற கண்ணாடி இழையைக் கொண்டு வந்து மாட்டினார்களாம். 044-ல் தொடங்கும் நம்பர் மட்டும் மாறவில்லை. "அதே போன், அதே நம்பர்" என்று பெரியம்மா திருப்தியாக இருந்தாள். உண்மையில் பெரியம்மா தனக்கே தெரியாமல் இரண்டு வருஷமாக இன்டர்நெட் முறையில்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்!

அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பழைய டெலிபோனில் நம் குரல் மின்சார அலையாகக் கம்பி வழியே முழுசாக ஓடியது. இந்தப் புதுமுறையில், வெள்ளைப் பெட்டி நம் பேச்சைக் கொத்தவரங்காய் நறுக்குவதுபோல் நறுக்குகிறது. பொதுவாக ஒரு செகண்டுக்கு 50 துண்டு. ஒவ்வொரு துண்டின் மேலும் விலாசம் எழுதி அனுப்புகிறது. எதிர்ப்புறத்தில் அவற்றை வரிசையாகச் சேர்த்து மறுபடி குரலாக்குகிறார்கள். இதற்கு ஆகும் இன்டர்நெட் சொற்பம்தான். ஒரு திசைக்கு 100 கிலோபிட்கூட வேண்டாம். சினிமா பார்ப்பதற்குத் தேவையான வேகத்தில் இது ஒரு மூலைக்குக் காணாது. ஆகவே, "போன் பேச அதிக வேகமுள்ள பிளான் எடுங்கள்" என்று யாராவது சொன்னால், புன்னகை செய்துவிட்டு வந்துவிடுங்கள். துண்டுகள் தாமதமில்லாமல், வரிசை தவறாமல் வந்து சேருகின்றனவா என்பதுதான் முக்கியம்.

நம் தேசத்தில் இதற்குச் சட்டம் கதவைத் திறந்தது 2002-ல். அதுவும் ஓர் ஏப்ரல் 1-ஆம் தேதிதான்! ஆனால் பாதிக் கதவு. கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம், வெளிநாட்டு டெலிபோனுக்குப் பேசலாம். உள்ளூர் டெலிபோனுக்கு மட்டும் பேசக்கூடாது என்று வைத்திருந்தார்கள். மீதிக் கதவு திறக்க 2018 ஆயிற்று. அந்த வருஷம் ஜூலையில் பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்ற பெயரில் இன்டர்நெட் டெலிபோனை அறிவித்தது. மறு வருஷம் செப்டம்பரில் ஜியோஃபைபர் வந்தது. இன்று வீட்டுக்கு ஃபைபர் இழுத்துக் கொடுக்கும் பெரிய கம்பெனிகள் இன்டர்நெட்டோடு டெலிபோனையும் சேர்த்தே தருகின்றன.

நான் வந்திருப்பது தெரிந்ததும் பெரியம்மா உள்ளே போய், பட்டுப் புடவை வைக்கும் டிரங்குப் பெட்டியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து வந்தாள். போன முறை நியூஜெர்ஸிப் பெண் கொண்டு வந்த கார்ட்லெஸ் போன். பிரிக்கவே இல்லை. "இதையே மாட்டிவிட்டால் செலவு மிச்சம் அல்லவா?" என்றாள்.

பெட்டியின் மேல் 'டெக்ட் 6.0' என்று போட்டிருந்தது. எனக்குச் சொரேலென்றது. வெளிநாட்டில் பெண்ணோ பிள்ளையோ உள்ள சகோதரிகள் இந்த இடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். டெக்ட் என்பது கார்ட்லெஸ் போன்களுக்காக 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட முறை. அங்கே அதற்கு ஒதுக்கிய அலைவரிசை 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ். நம் ஊர்க் கடைகளில் வருகிறவையும் இதே வரிசைதான். அமெரிக்காவிலோ அந்த இடம் காலியில்லாததால் 1920 முதல் 1930 வரை கொடுத்தார்கள். அதற்கு இட்ட பெயர்தான் டெக்ட் 6.0. பெயரைப் பார்த்தால் ஏதோ ஆறாவது, உயர்ந்த பதிப்பு என்று தோன்றும். அப்படி ஒன்றுமில்லை. அந்த 1920-லிருந்து மேலே உள்ள வரிசை நம் நாட்டில் செல்போன் கம்பெனிகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கைபேசிகள் கோபுரத்தோடு பேசுகிற அலை அது. அங்கே நம் வீட்டு கார்ட்லெஸ் புகுந்தால், கச்சேரி நடக்கும் இடத்தில் தகரம் தட்டினாற்போல் ஆகும். இங்கே அதை உபயோகிக்கக் கூடாது. சட்டமும் இடம் கொடுக்காது. போதாக்குறைக்கு அதன் அடாப்டர் அமெரிக்காவின் 120 வோல்டுக்குச் செய்தது, நம்முடையது 230.

"அப்படியானால் ஆசையாய் வாங்கி வந்த பொருள் வீணா?" என்று பெரியம்மா முகம் வாடினாள். "வீணில்லை பெரியம்மா, அடுத்த முறை அவளோடேயே திருப்பி அனுப்பிவிடலாம்" என்றேன். அட்டைப் பெட்டி மறுபடி பட்டுப் புடவைகளோடு போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி கெட்டிக்காரன். 'இன்டர்நெட் டெலிபோன்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும், "அதற்கென்றே தனி மாடல் இருக்கிறது, மேடம்" என்று படத்தைக் காட்டினான். விலை, சாதாரண கார்ட்லெஸைப்போல் பல மடங்கு. ஆபீஸ்களுக்கு ஏற்ற ஐ.பி. போன் அது. நேராக இன்டர்நெட் வயரில் மாட்டிக்கொள்ளும். ஆனால் அதற்கென்று தனியாகக் கணக்குப் பெயர், ரகசியச் சொல், சர்வர் விலாசம் எல்லாம் வேண்டும். வீட்டு இணைப்பில் இவற்றைக் கம்பெனி நம் கையில் கொடுக்குமா என்பதைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் அதை வாங்குவதைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

பெரியம்மா போன்றவர்களுக்கு அது தேவையே இல்லை. வெள்ளைப் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அகலமான இன்டர்நெட் துவாரங்கள் சில இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் சற்றுக் குறுகலாக, பழைய டெலிபோன் பின் நுழைகிற துவாரம் ஒன்று இருக்கும். 'ஃபோன்' என்றோ 'டெல்' என்றோ எழுதியிருப்பார்கள். குரலை நறுக்குவது, விலாசம் எழுதுவது எல்லாவற்றையும் பெட்டியே கவனித்துக்கொள்கிறது. ஆகவே அந்தத் துவாரத்தில் மாட்ட, சாதாரண டெலிபோன் லைனுக்கான டெக்ட் கார்ட்லெஸ் போதும். அந்தத் துவாரமும், கம்பெனி கொடுத்த டெலிபோன் நம்பரும் இருந்தால் உங்கள் தேர்தலில் முக்கால் பங்கு முடிந்துவிட்டது.

துவாரம் இல்லாத பெட்டியாக இருந்தால்? கம்பெனியிடம் டெலிபோன் வசதியுள்ள பெட்டி கேளுங்கள். சாதாரண போனை இன்டர்நெட்டோடு இணைக்கும் சிறு அடாப்டர்களும் உண்டு. ஆனால் அவற்றுக்கும் மேலே சொன்ன கணக்கும் ரகசியச் சொல்லும் வேண்டும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வாங்கிய பிறகு ஏமாற்றம்தான். கார்ட்லெஸ் போனில் வாட்ஸ்அப் வராது. அது நம்பருக்கு நம்பர் பேசும் கருவி. இங்கிருந்து அமெரிக்காவுக்குக் கூப்பிட்டால் நிமிஷக் கணக்கில் காசு, அதற்கு ஐ.எஸ்.டி. வசதியும் கேட்டு வாங்க வேண்டும். அங்கிருந்து இங்கே கூப்பிடுவதுதான் சிக்கனம். மாதச் சந்தா கட்டி இந்தியாவுக்குப் பேசும் திட்டங்கள் அங்கே உண்டு. வானேஜ் என்ற கம்பெனி அப்படி ஒன்றை 2009-லேயே தொடங்கியது. எங்கள் வீட்டில் பெண்தான் தினமும் கூப்பிடுகிறாள். பெரியம்மாவின் வேலை எடுப்பது மட்டும்.

கார்ட்லெஸ் என்றால் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. இதே டெக்ட் முறையைப் பிடித்துக்கொண்டு 1990-களில் சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு பெரிய காரியம் நடந்தது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய டெனெட் குழுவினரும், சென்னையின் மிடாஸ் கம்பெனியோடும் அமெரிக்காவின் அனலாக் டிவைஸஸ் கம்பெனியோடும் சேர்ந்து 'கார்டெக்ட்' என்பதை உருவாக்கினார்கள். வீட்டுக்கு வீடு செப்புக் கம்பி இழுக்க ஆகும் செலவுதான் கிராமங்களுக்கு டெலிபோன் வராமல் தடுத்தது. கம்பிக்குப் பதில் அலையை வைத்து, சுமார் 10 கிலோமீட்டர் தூரத்துக்குப் பேச்சையும் இன்டர்நெட்டையும் ஒரே சமயத்தில் அனுப்பினார்கள். இன்டர்நெட்டின் வேகம் 35 கிலோபிட். இன்றைய குழந்தைகள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் 2000-களின் தொடக்கத்தில் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அந்த வேகத்தை நம்பி இன்டர்நெட் நிலையங்கள் நடந்தன. வீட்டுக்குள் அம்பது தப்படி நடப்பதற்காகச் செய்த கருவியைக் காடு கழனி தாண்ட வைத்தார்கள் நம் ஊர்க்காரர்கள்.

சரி, கடைக்குத் திரும்புவோம். மூன்று போன்களை எடுத்து மேஜைமேல் வைத்தான் தம்பி. நான் விலைச் சீட்டைப் பார்த்தேன். பெரியம்மா பொத்தான்களைப் பார்த்தாள். அவள் பார்த்ததுதான் சரி. வயதானவர்களுக்கு வாங்கும்போது பொத்தான் பெரிதாகவும் இடைவெளி விட்டும் இருக்க வேண்டும். அமுக்கினால் அமுங்கியது விரலுக்குத் தெரிய வேண்டும். எழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் வேண்டும். பேசும்போதே சத்தத்தைக் கூட்டக் குறைக்கப் பக்கவாட்டில் பொத்தான் இருந்தால் விசேஷம். காதில் வைக்காமலே கேட்கும் ஸ்பீக்கர் கட்டாயம் வேண்டும். விழுந்து கிடக்கும்போது காதோரம் பிடித்துக்கொண்டு பேச முடியுமா?

பழைய டெலிபோனில் 'ஸ'வும் 'ஷ'வும் 'ஃப'வும் ஒன்றுபோலவே கேட்கிறதென்று பாட்டிமார்கள் சொல்வதுண்டு. அது அவர்கள் காதின் குற்றம் மட்டுமல்ல. சாதாரண டெலிபோன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள சத்தத்தைத்தான் தூக்கிச் செல்கிறது. இந்த எழுத்துக்களின் உயிர் அதற்கு மேலே இருக்கிறது. 'ஹெச்.டி. வாய்ஸ்' என்பது 7000 ஹெர்ட்ஸ் வரை போகும். ஆனால் இரு பக்கத்துக் கருவியும் இடையிலுள்ள லைனும் மூன்றுமே அதற்கு ஒத்துழைக்க வேண்டும். பெட்டியின் 'ஃபோன்' துவாரத்தில் மாட்டும் சாதாரண செட்டுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்காது. ஆகையால் அந்த வார்த்தைக்காக மட்டும் அதிக விலை கொடுக்க வேண்டாம்.

அலை எவ்வளவு தூரம் எட்டும்? திறந்த வெளியில் 300 மீட்டர், வீட்டுக்குள் 50 மீட்டர் என்பது பொதுக் கணக்கு. திருத்தணியின் பழைய வீட்டுச் சுவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாது! எனவே, "எட்டவில்லை என்றால் இரண்டு நாளில் திருப்பித் தருவேன்" என்று பேசி வாங்குவது நல்லது. வீட்டில் மாட்டி, ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டு, கையில் போனோடு அடுக்களை, பின்கட்டு, மொட்டை மாடி என்று ஒரு பிரதட்சிணம் வாருங்கள். எங்கே சத்தம் வெட்டுகிறதோ அதுதான் எல்லை. டெக்ட் போனுக்கும் வைஃபைக்கும் அலைவரிசை வேறு வேறு. ஒன்றால் மற்றொன்றுக்குத் தொந்தரவு கிடையாது.

பெரியம்மா விரும்பிய செட்டில் ஒரு பீடமும் இரண்டு ஹேண்ட்செட்டும் இருந்தன. பீடம் கூடத்தில் வெள்ளைப் பெட்டியோடு இருக்கும். இரண்டாவது ஹேண்ட்செட்டுக்கு டெலிபோன் வயரே தேவையில்லை. சார்ஜ் செய்யும் கிண்ணத்துக்கு ஒரு பிளக் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். "மாடி அறையில் வைத்துவிடு" என்று பெங்களூரிலிருந்து உத்தரவு வந்தது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் மாட்டினேன். உள்ளே போடும் பாட்டரி இரண்டும் சார்ஜ் ஏறக்கூடிய நிக்கல் வகை. அது தீர்ந்து போகும்போது, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதாரண பாட்டரியை அவசரத்துக்குப் போட்டுவிடக் கூடாது. சார்ஜில் வைத்தால் அது கசிந்து கருவியைக் கெடுத்துவிடும். பிறகு நம்பர்களைப் பதிவு செய்தேன். வீட்டு டெலிபோனிலிருந்து செல்போனுக்குக் கூப்பிட 2021 ஜனவரி 15 முதல் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும். பலர் இதை மறந்து, "போன் ரிப்பேர்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிள்ளையின் நம்பர், என் நம்பர் எல்லாம் பூஜ்யத்தோடு ஏறின. அவசர உதவிக்கு 112. இதற்குப் பூஜ்யம் வேண்டாம்.

"போலீஸ் பேசுகிறோம், உங்களை டெலிபோனிலேயே கைது செய்திருக்கிறோம்" என்று யாராவது மிரட்டினால் உடனே வைத்துவிட வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன். டெலிபோன் மூலம் கைது என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. பணம் ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்ல வேண்டும். பெரியம்மா, "என்னைக் கைது செய்து இன்னா செய்வான்? மூணு வேளையும் சோறு போடட்டும்" என்றாள்.

எல்லாம் ஆயிற்று என்று காப்பியை எடுத்து வாயில் வைத்தேன். மின்சாரம் நின்றது.

மின்விசிறி நின்றது. வெள்ளைப் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. புது போன் எடுத்துப் பார்த்தால் 'பீடம் இல்லை' என்கிறது. பழைய போனை எடுத்தால் அதுவும் ஊமை. "அந்தக் காலத்து போன் கரண்டு போனாலும் பேசுமே, கண்ணு?" என்றாள் பெரியம்மா.

ஆமாம், பேசும். செப்புக் கம்பியில் குரல் மட்டுமா வந்தது? எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கிய பாட்டரிகளிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் வந்தது. நம் வீடு இருண்டாலும் டெலிபோனுக்கு அங்கிருந்து சாப்பாடு வந்துகொண்டிருந்தது. கண்ணாடி இழையில் வெளிச்சம்தான் ஓடும், மின்சாரம் ஓடாது. ஃபைபர் போட்டுக்கொண்ட வீடுகளில் இதை மறக்கவே கூடாது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது சென்னையிலும் திருவள்ளூர்ப் பக்கத்திலும் மின்சாரமில்லாமல் நாள் கணக்கில் தவித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தனியாக இருக்கும் ஒரு முதியவளுக்கு, டெலிபோன் மிகவும் வேண்டியிருக்கும் நேரமே அதுதான்.

இன்வெர்ட்டர் உள்ள வீடானால், வெள்ளைப் பெட்டியையும் கார்ட்லெஸின் பீடத்தையும் இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்கில் மாட்டுங்கள், இரண்டையும்! ஒன்றை மாட்டி ஒன்றை விட்டால் பயனில்லை. இன்வெர்ட்டர் இல்லையென்றால் 'மினி யு.பி.எஸ்.' என்று சிறு பெட்டி கிடைக்கிறது. வெள்ளைப் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்டில் ஓடுவதால் அது பொருந்தும். ஆனால் கார்ட்லெஸ் பீடத்தின் அடாப்டர் அநேகமாக அதைவிடக் குறைந்த வோல்ட். அடாப்டர் முதுகில் எழுதியிருப்பதைப் படிக்காமல் அதே வயரை இதில் செருகிவிடக் கூடாது. இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. பழைய வயர் போனைத் தூக்கிப் போடாதீர்கள். அதற்குத் தனி பிளக் வேண்டாம். வெள்ளைப் பெட்டி மினி யு.பி.எஸ்.ஸில் உயிரோடு இருக்கும்வரை, அதில் மாட்டிய வயர் போனும் பேசும். எண்வட்டத்தைச் சுழற்றும் பழைய கறுப்பு போன் மட்டும் இதற்கு லாயக்கில்லை. மணி அடித்தாலும், அதன் டயல் பல புதுப் பெட்டிகளுக்குப் புரிவதில்லை.

மறுநாள் காலை, பெரியம்மா வீட்டு இன்வெர்ட்டரில் எலெக்ட்ரீஷியன் ஒரு புது பிளக் இழுத்துக் கொடுத்தான். மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தோம். பச்சை விளக்கு அசையாமல் நின்றது. நியூஜெர்ஸிப் பெண் கூப்பிட்டாள். பெரியம்மா துணி துவைக்கும் கல்லருகே நின்றுகொண்டு பேசினாள். "எங்கேம்மா இருக்கே?" "பின்கட்டில்." அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சே இல்லை.

பிற்பகல் நான் கிளம்பும்போது மாடி ஹேண்ட்செட்டைக் காணோம். தேடினால், பெரியம்மா சாவதானமாகச் சொன்னாள்: "மாடியில் யார் இருக்காங்க, கண்ணு? பல்லிதான் இருக்கு. அது யாருக்கு போன் பண்ணப் போகுது? அக்கா போர்ஷன்ல வெச்சிட்டேன்."

நான் வாயடைத்துப் போனேன். பதினாறு பேர் கூடி யோசித்தோம். அலைவரிசை, வோல்ட், ஹெர்ட்ஸ் எல்லாம் நான் படித்தேன். ஒருவருக்கும் இது தோன்றவில்லை! அன்று பெரியம்மாவைத் தூக்கியது அமெரிக்காவும் அல்ல, பெங்களூரும் அல்ல, நானும் அல்ல. சுவருக்கு அப்பால் இருந்த அக்கா. ஹேண்ட்செட்டிலிருந்து ஹேண்ட்செட்டுக்குப் பேசும் இண்டர்காம் வசதி இந்த வகை போன்களில் உண்டு. அதற்கு இன்டர்நெட் வேண்டாம், லைன் வேண்டாம், காசும் வேண்டாம். பீடத்துக்கு மின்சாரம் இருந்தால் போதும். பீடம் கூடத்திலிருப்பதால் அக்கா போர்ஷன்வரை அலை நன்றாகவே எட்டுகிறது.

ஹேண்ட்செட் கையில் இல்லாதபோது விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் அவளே பதில் வைத்திருந்தாள். பழைய ரவிக்கைத் துணியில் ஒரு சுருக்குப் பை தைத்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். வெற்றிலை பாக்குப் பைக்குப் பக்கத்தில் டெலிபோன் பை. "தண்ணியில மட்டும் போட்டுடாதீங்க" என்றேன். "வெற்றிலையையே இத்தனை வருஷமாத் தண்ணியில போட்டதில்லை" என்றாள்.

சகோதரிகளே, கார்ட்லெஸ் போன் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனைகளை எல்லாம் மேலே சொல்லிவிட்டேன். எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியதை நான் கடைசியில்தான் கற்றுக்கொண்டேன். யாருக்காக வாங்குகிறோமோ அவரிடம், "மணி அடிக்கும்போது நீங்கள் வழக்கமாக எங்கே இருப்பீர்கள்? ஆபத்து என்றால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். மீதியைக் கடைக்காரத் தம்பியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நேற்று இரவு பெரியம்மாவுக்கு டெலிபோன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"ஹலோ, பெரியம்மாவா?"

"காதம்மா, நேனு அக்கா!" என்றது குரல். "உங்க பெரியம்மா என் வீட்டு அடுக்களையிலே இருக்காங்க. கொழம்புக்கு உப்புப் போதலைன்னு இண்டர்காம்லே சொன்னேன், போட வந்துட்டாங்க!"